டர்போசார்ஜர்: பழுதும் பாதுகாப்பும்

– பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

பாரம் ஏற்றிய லாரி ஒன்று மேட்டில் ஏறும்போது, என்ஜினின் உறுமலுக்கு மேலே மெல்லிய விசில் ஓசை ஒன்று கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஓசையை எழுப்புவது டர்போசார்ஜர் என்னும் கருவி. கார்களில் ஒரு தேங்காய் அளவும், லாரிகளில் ஒரு சிறு பரங்கிக்காய் அளவும் இருக்கும். இன்று புதிதாக வரும் டீசல் லாரி, பஸ், கார் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது உண்டு. பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் உண்டு.

நம்முடன் படிக்கும் மாணவியர் பலரின் வீடுகளில் லாரியோ, வேனோ, டிராக்டரோதான் பிழைப்புக்கு ஆதாரம். வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும். தவணையும் கட்ட முடியும். அப்படிப்பட்ட வீட்டில், “டர்போ போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும்” என்று மெக்கானிக் சொன்னால் எவ்வளவு கலக்கம் ஏற்படும்! பல ஆயிரம் ரூபாய் செலவழித்துப் புதிது மாட்டிய சில வாரங்களிலேயே அதுவும் போய்விட்டால் என்ன செய்வது?

அப்படி நடப்பது அபூர்வமல்ல. அதற்குக் காரணமும் உண்டு. டர்போ பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. அதற்கு வெளியே உள்ள ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் டர்போவை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் கூரையை அடைக்காமல் நனைந்த பாயை மட்டும் மாற்றுவது போன்றதாகும். அந்தக் காரணங்கள் எவை, அவற்றை எப்படிக் கண்டறிவது, எப்படித் தடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

என்ஜினுக்கு ஏன் கூடுதல் காற்று?

எரிதலுக்கு ஆக்சிஜன் தேவை என்று விஞ்ஞான வகுப்பில் படித்திருக்கிறோம். ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று வேண்டும். ஆகவே என்ஜினின் சக்தி, அது எவ்வளவு டீசல் குடிக்கிறது என்பதை விட எவ்வளவு காற்றைச் சுவாசிக்கிறது என்பதையே பொறுத்திருக்கிறது. காற்று போதாத இடத்தில் டீசலை அதிகமாக ஊற்றினால் கரும்புகைதான் மிஞ்சும்.

மற்றொரு பக்கம், எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக் குழாய் வழியாக வீணே வெளியே போகிறது. வெளியேறும் அந்தப் புகையைக் கொண்டே உள்ளே வரும் காற்றை அழுத்தினால் என்ன என்று சிந்தித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்ஃபிரட் பூஹி. 1905-ஆம் ஆண்டில் அவர் தம் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். அதை நடைமுறையில் வெற்றியாக்க அவருக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. 1925-இல் அவரது முறையைப் பின்பற்றிய டீசல் என்ஜின்களில் சக்தி சுமார் 40 சதவீதம் கூடியது. இதற்கிடையே 1918-இல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர், காற்று மெலிந்திருக்கும் உயரத்தில் விமான என்ஜின் சக்தி இழப்பதைத் தடுக்க, சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் மேலேயே ஓர் என்ஜினைக் கொண்டுபோய் டர்போ பொருத்திச் சோதித்தார்.

கருவியின் அமைப்பு எளிது. ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள். ஒரு சக்கரத்தைப் புகை சுழற்றுகிறது; அது டர்பைன். அதே தண்டில் இருப்பதால் மறுமுனைச் சக்கரமும் சுழன்று, ஏர் ஃபில்டர் வழியே காற்றை இழுத்து அழுத்தி என்ஜினுக்குள் அனுப்புகிறது, அது கம்ப்ரஸர். அழுத்தும்போது சூடாகும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்ற பகுதி இடையில் இருக்கும்.

அது வாழும் சூழ்நிலை

அமைப்பு எளிதானாலும் அது செய்யும் வேலை எளிதல்ல. நம் வகுப்பறையின் மின்விசிறி நிமிடத்திற்குச் சுமார் 350 முறை சுற்றுகிறது. டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றும். சிறிய கார் டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். ஒரு முனையில் வீசும் புகையின் சூடு டீசல் என்ஜினில் 700 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், பெட்ரோல் என்ஜினில் 900 டிகிரிக்கு மேலும் போகும். சில அங்குல தூரத்திலேயே மறுமுனை வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு வேகத்தில் சுற்றும் தண்டு, பெரும்பாலான டர்போக்களில் எந்த உலோகத்தின் மீதும் உட்கார்ந்து சுற்றுவதில்லை. தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே, ஒரு தலைமயிரின் பருமனே உள்ள இடைவெளியில், அழுத்தத்துடன் பாயும் என்ஜின் ஆயிலின் மீது அது மிதக்கிறது. அந்த மெல்லிய ஆயில் படலம்தான் டர்போவின் உயிர். அந்த ஆயிலே சூட்டையும் வாரிக்கொண்டு, அடியிலுள்ள வடிகால் குழாய் வழியாக என்ஜினின் ஆயில் தொட்டிக்குத் திரும்புகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால், இனி வருவதெல்லாம் எளிதில் விளங்கும்.

நான்கு எதிரிகள்

முதல் எதிரி ஆயில் பஞ்சம். ஆயில் மட்டம் குறைவது, வரும் குழாய் அடைபடுவது, பம்ப் பலவீனமாவது ஆகியவற்றால் இது வரும். சில விநாடிகள் ஆயில் நின்றாலும் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். பிரித்துப் பார்த்தால் பேரிங் உட்காரும் இடத்தில் தண்டு நீலம் பாய்ந்திருக்கும். இரும்பைப் பழுக்கக் காய்ச்சியபின் தோன்றும் அதே நீலம்தான் அது.

இரண்டாவது எதிரி அழுக்கு ஆயில். உரிய காலத்தில் மாற்றாத ஆயிலில் கரியும் உலோகத் துகளும் மிதக்கும். அவை உப்புத்தாள் போலத் தண்டையும் பேரிங்கையும் அறுக்கும். தண்டின் மேல் வளையம் வளையமாகக் கீறல்கள் காணப்பட்டால் குற்றவாளி இதுவே.

மூன்றாவது எதிரி அந்நியப் பொருள். கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாகப் புகும் மணல், கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ் முனைகளை அரித்து மழுங்கச் செய்யும். குழாய்க்குள் மறந்துபோன ஒரு நட்டோ, கந்தைத் துணியோ போதும், இதழ்களை ஒடித்துவிடும். மாறாக, டர்பைன் பக்கத்து இதழ்கள் ஒடிந்திருந்தால், என்ஜினுக்குள்ளிருந்து வால்வு அல்லது பிஸ்டன் வளையத்தின் துண்டு ஒன்று புகையோடு வந்திருக்கிறது என்று பொருள். அப்போது டர்போவை விட என்ஜினையே முதலில் கவனிக்க வேண்டும்.

நான்காவது எதிரி அளவு கடந்த சூடும் வேகமும். மேட்டில் பாரத்தோடு ஏறிவந்த வண்டியை நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பி அணைத்தால், ஆயில் ஓட்டம் நின்றுவிடும்; ஆனால் டர்பைனின் சூடு நிற்காது. அது தண்டின் வழியே ஏறி, தங்கிய ஆயிலைக் கருக்கிக் கரியாக்கும். அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய்ச் சட்டியின் அடியில் பிடிக்கும் கறை போன்றது அது. நாளடைவில் அக்கரி ஆயில் வழியையே அடைத்துவிடும். காற்றுக் குழாயில் கசிவு இருந்தாலும் ஆபத்து உண்டு: இழந்த காற்றை ஈடு செய்ய டர்போ தன் எல்லைக்கு மேல் வேகமாகச் சுற்ற நேரிடும்.

நோயை அறிதல்

நோய் இன்னது என்று பார்த்து, அது வந்த காரணத்தையும் பார்த்து, அதன் பிறகே அதைத் தீர்க்கும் வழியை ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்குச் சொன்ன முறை. அந்த முறை மெக்கானிக்குக்கும் பொருந்தும்.

அறிகுறிகள் மூன்று வகை: புகை, ஓசை, இழுவை.

நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். டர்போவின் அடைப்பு வளையங்கள் வழியே ஆயில் கசியலாம். ஆனால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தாலும் இதே நீலப் புகை வரும். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்போ, குழாய்க் கசிவோ, இன்ஜெக்டர் கோளாறோ இருக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி செய்யப்பட்ட டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது கரியைப் பிடித்துக்கொள்வதால் புகையின் நிறம் நமக்குத் தெரியாமல் போகலாம். அத்தகைய வண்டிகளில் ஆயில் மட்டம் குறைகிறதா என்பதையும், முகப்பில் எரியும் எச்சரிக்கை விளக்கையும் அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

மெல்லிய விசில் ஓசை இயல்பானது. அது சங்கு ஊதுவது போல வலுத்தால் சக்கரங்களின் சமநிலை கெட்டிருக்கலாம். பாரத்தில் மட்டும் ‘உஸ்’ என்று சீறினால் குழாய் கசிகிறது. உலோகம் உரசும் ஓசை கேட்டால் உடனே என்ஜினை நிறுத்துவதே நல்லது.

வண்டி இழுக்கவில்லை என்பதால் டர்போதான் கெட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செலவில்லாத சோதனைகளை முதலில் செய்ய வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு.

1. ஆயிலின் மட்டத்தையும் தன்மையையும் பார்க்க வேண்டும்.

2. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஃபில்டர் அடைபட்டிருந்தால், கம்ப்ரஸர் பக்கம் வெற்றிடம் உண்டாகி, நல்ல டர்போவிலிருந்தும் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடும்.

3. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் செல்லும் ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் சோதிக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் காற்றை நிரப்பி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி வரும். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

4. ஆயில் வரும் குழாயும், திரும்பும் வடிகால் குழாயும், என்ஜினின் ஆவி வெளியேறும் குழாயும் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வடிகால் அடைபட்டால், டர்போவுக்குள் தேங்கும் ஆயில் வேறு வழியின்றி அடைப்பு வளையங்களைத் தாண்டி வழியும். டர்போவில் குற்றமே இராது.

5. இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும், என்ஜினை அணைத்து நன்றாக ஆறிய பிறகு, காற்று வரும் குழாயைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். அது தடையின்றிச் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பே. ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. ஆனால் இதழ்கள் கூட்டின் சுவரைத் தொடக் கூடாது. முன்னும் பின்னும் ஆடுவது கைக்குத் தெரியும் அளவில் இருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. சரியான அளவை டயல் கேஜ் என்னும் கருவியால் அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

இப்போதைய டர்போக்கள் பலவற்றில் டர்பைனைச் சுற்றி அசையும் சிறு தகடுகள் உண்டு. அவை கரி படிந்து இறுகிக்கொண்டாலும் இழுவை குறையும். அப்போதும் தண்டும் சக்கரமும் நல்ல நிலையிலேயே இருக்கலாம்.

எங்கள் பெரியப்பா டீசல் மெக்கானிக். அவரிடம் வந்த ஒரு லாரியின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வேறோர் இடத்தில் அதற்குப் புது டர்போ மாட்டி மூன்றே வாரத்தில் அதுவும் இறுகிப்போயிற்று. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் அதை வாங்கியதாக உரிமையாளர் சொன்னார். பெரியப்பா தண்டின் நீல நிறத்தைப் பார்த்தவுடன், ஆயில் வரும் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பென்சில் நுழையும் குழாயில் குண்டூசி நுழையும் துவாரமே மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் கரி. “டர்போ மேல குத்தமில்லேண்ணே. இந்தக் குழாயோட மூணாவது டர்போ மாட்டினாலும் இதே கதிதான்” என்றார். டர்போவோடு ஒப்பிட்டால் அந்தக் குழாயின் விலை மிகச் சொற்பம்.

ஓர் எச்சரிக்கை

டர்போவிலிருந்து ஆயில் அதிகமாகக் கசிந்தால் பொருள் நஷ்டம் மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக வேகம் கூடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. சாவி நிறுத்துவது டீசலை மட்டுமே. கியர் வண்டியானால், பிரேக்கை முழுவதும் அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டு என்ஜினைத் திணறச் செய்து நிறுத்தலாம். அது முடியாவிட்டால் எல்லோரும் விலகி நிற்க வேண்டும். காற்று வரும் வாயைக் கையால் அடைக்க ஒருபோதும் முயலக் கூடாது. ஆகவே நீலப் புகையை, “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுவது பெரும் தவறு.

வருமுன் காத்தல்

டர்போவைக் காப்பதில் மூவருக்குப் பங்கு உண்டு.

ஓட்டுநர்: காலையில் என்ஜினைக் கிளப்பியதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் அரை நிமிடம் ஓடவிட வேண்டும். ஆயில் டர்போவை அடைய அவ்வளவு நேரமாவது வேண்டும். பல நாள் நின்ற வண்டியானால் இன்னும் சற்றுக் கூடுதல் நேரம் தேவை. மேட்டிலோ நெடுஞ்சாலையிலோ வேகமாக வந்த பின், அணைப்பதற்கு முன் மூன்று நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். கடைசிச் சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டிவந்தாலும் அதே பயன் உண்டு. அணைக்கும் முன் ஆக்ஸிலரேட்டரை உறுமவிடும் பழக்கம் மிகக் கெட்டது.

உரிமையாளர்: ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் கையேடு சொல்லும் காலத்தில், அது சொல்லும் ரகத்திலேயே மாற்ற வேண்டும். புழுதியிலும் அதிகப் பாரத்திலும் ஓடும் வண்டிக்கு இன்னும் முன்னதாகவே மாற்ற வேண்டும். ஆயிலில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய், டர்போவில் பல ஆயிரமாகத் திரும்பி வரும். புகை வடிகட்டி உள்ள வண்டிக்கு அதற்கென்று உள்ள ஆயிலே ஊற்ற வேண்டும்.

மெக்கானிக்: புது டர்போ மாட்டும்போது ஆயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்க வேண்டும். ஆயில் குழாய்களைப் புதிதாகவே போடுவது நல்லது. இன்டர்கூலரில் தங்கிய பழைய ஆயிலையும் உடைந்த இதழ்த் துண்டுகளையும் கழுவி எடுக்க வேண்டும். ஆயில் துவாரத்தின் அருகில் பசை தடவக் கூடாது. அதன் துணுக்கு ஒன்று உள்ளே போனால் புது டர்போவின் உயிரையே குடித்துவிடும். என்ஜினைக் கிளப்பும் முன் டர்போவுக்குள் சுத்தமான ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டும்.

கருவி எவ்வளவு சிறந்ததாயினும் உரிமையாளரின் கவனம் இல்லாவிடில் பயன்படாது என்பதற்குச் சரித்திரச் சான்று ஒன்று உண்டு. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற கார் வந்தது. டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் அது ஒன்று. அதன் பெட்ரோல் என்ஜினைக் காக்க, வடிகட்டிய நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியில் அவ்வப்போது ஊற்றி வர வேண்டும். தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தம் தானே குறைக்கப்படும். பலர் அதை ஊற்ற மறந்தார்கள். வண்டி இழுக்கவில்லை என்று குறைப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்தக் கார் நின்றுபோயிற்று. பிற்பாடு பல வண்டிகளிலிருந்து டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள்.

எனவே, தோழியரே, பெற்றோர்களே! இனி எந்த மெக்கானிக்காவது “டர்போ போய்விட்டது” என்று சொன்னால், விலை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். “ஏன் போயிற்று? அந்தக் காரணத்தைச் சரிசெய்துவிட்டீர்களா?” பழைய டர்போவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீலம் பாய்ந்த தண்டும், கீறல் விழுந்த பேரிங்கும், மழுங்கிய இதழும் அதற்குரிய பதிலைச் சொல்லும்.